எண்பத்தொன்பதுக்கு அடுத்தது நூறு

வெள்ளிலைக்குறிச்சியை விட்டுத் தொண்ணூறும் அதன் பின்னால் வரும் ஒன்பது எண்களும் புறப்பட்டுப் போனது சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, யாரும் வழியனுப்பவும் இல்லை, ஏனென்றால் அந்த ஊரில் ஒரு விஷயம் ஃப்ளெக்ஸ் போர்டில் வந்தால்தான் நடந்ததாக அர்த்தம். தேர் வீதியில் எண்பத்தொன்பதாம் நம்பர் வீட்டை அடுத்த பத்து வீட்டுக் கதவுகளிலும் நம்பர் இருந்த இடம் கழுவிவிட்டதுபோல வெறிச்சென்று கிடந்தது. தபால்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், தலையைச் சொறிந்தார், அந்தப் பத்து வீட்டுக் கடிதங்களையும் பிள்ளையார் கோயில் உண்டியல்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். இந்தக் கதையைச் சொல்கிறவர் வெளியூர் என்பதால் அந்த எண்ணின் பெயரை இங்கே தாராளமாக எழுத முடிகிறது. ஊருக்குள் உட்கார்ந்து எழுதினால் பேனா மக்கர் பண்ணியிருக்கும்.

ஏன் போயின என்பது பேச்சிக்கனிக்கு மட்டும் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பேச்சிக்கனி வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்குகிறவள். கொடிக்காலிலிருந்து கூடை கூடையாக வரும் வெற்றிலையைத் தரம் பிரித்து, நூறு நூறாக அடுக்கி, வாழைநாரால் கட்டினால் ஒரு கவுளி. ஊரில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. அவள் புருஷன் சிவசுப்பு வெற்றிலை மண்டியில் கவுளிகளைச் சரிபார்த்து லாரியில் ஏற்றுகிறவன். இருவருக்கும் ஒரே மகள், பதினோரு வயது. அவள் பிறந்தபோது சிவசுப்பு எண்கணித ஜோசியரிடம் ஓடினான். கூட்டுத்தொகை ராஜயோகமாக வரவேண்டும் என்று ஜோசியர் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். ஹ்ரித்திக்ஷாஸ்ரீ. ஜோசியர் சீட்டைப் பார்த்துத்தான் சிவசுப்புவே இன்றுவரை அதை எழுதுவான். ராஜயோகப் பெயரை எழுதத் தெரியவில்லை என்று முதல் வகுப்பிலேயே அந்தப் பிள்ளைக்கு முட்டி போடும் யோகம் வாய்த்தது. பேச்சிக்கனி அவளைக் கூப்பிடுவது சுடர் என்று.

சுடருக்கு எழுத்துகள் நிற்காது. ஆறும் ஒன்பதும் அவள் கண்ணுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குட்டிக்கரணம் போடும். பதினேழு என்று சொல்லிக்கொண்டே எழுபத்தொன்று என்று எழுதுவாள். படிப்பு ஏறாத கட்டை என்றார்கள் வாத்தியார்கள். பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது பேச்சிக்கனி கிரகணத்தைப் பார்த்திருப்பாள் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. திருநெல்வேலி டாக்டரம்மாதான் அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொன்னார். "மூளையில ஒரு குறையும் இல்லம்மா. இவளுக்கு வழி வேற. எண்ணைக் கையால தொடட்டும், கண்ணால பாக்கட்டும், வாயால சொல்லட்டும். அவசரப்படுத்தாம இருந்தாப் போதும்" என்றார். அவசரப்படுத்தாமல் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் அந்த ஊரில் இல்லை. நான்காம் வகுப்போடு மகளை நிறுத்தி, வெற்றிலைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள் பேச்சிக்கனி. அவளுடைய படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. பொறுமை அதைவிட நாலைந்து வகுப்பு கூடுதல்.

வீட்டில் வைத்துப் படிப்பிப்பது ஊருக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும்விடப் பொறுக்காமல் போனது தவசிமுத்துவுக்கு. சிவசுப்புவின் அக்காள் புருஷன், வித்யாமகுடம் மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர், சிவசுப்புவுக்கு மண்டி வேலை வாங்கிக் கொடுத்தவர், அதை வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறவர். தன் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை ஒரு வெற்றிலைக்காரி எடுத்துக்கொண்டு போனதை அவர் தன் மீசையைப் பிடித்து இழுத்ததாகவே எடுத்துக்கொண்டார்.

சித்திரையில் அவருடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். சாப்பிட்டு முடித்த சொந்தக்காரர்களுக்கு மத்தியானத் தூக்கம் வராமலிருக்க ஒரு வேடிக்கை தேவைப்பட்டது. தவசிமுத்து சுடரைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒங்கம்மா ஒரு வருசமா வாத்தியாரம்மாவா இருக்காளே. எங்க, நூறு வரைக்கும் எண்ணு பாப்போம்."

சுடர் எண்ணினாள். விரல்களைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டு, ஒன்று தவறாமல் எண்ணிக்கொண்டே வந்தாள். இருபதும் முப்பதும் கடந்து, ஐம்பதில் ஒரு மூச்சு விட்டு, எழுபதில் நெற்றியைத் துடைத்து, எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று வந்து, வீடு வந்து சேர்ந்தவள்போலச் சிரித்து, "நூறு" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது.

"நடுவுல பத்தைக் காங்கலியே! ஒங்கம்மா வெத்திலையில மடிச்சு மென்னுட்டாளா?" என்றார் தவசிமுத்து.

சுடருக்குச் சிரிப்பின் காரணம் புரியவில்லை. "அது நூறுதானே மாமா? தொண்-ணூறு. பேர்லயே நூறு இருக்குல்லா."

"அப்ப நூறு எது?"

"அதுவும் நூறுதான்." கொஞ்சம் யோசித்தாள். "முப்பதுல மூணு இருக்கு. அம்பதுல அஞ்சு இருக்கு. எம்பதுல எட்டு இருக்கு. இதுல ஒம்பது எங்க மாமா இருக்கு? இது நூறுன்னு பொய் சொல்லுது."

அந்தக் கூடத்தில் நான்கு இன்ஜினியர்கள் இருந்தார்கள், இரண்டு எம்.எட். இருந்தார்கள், ஒரு வங்கி மேனேஜர் வாய் நிறைய வெற்றிலையோடு இருந்தார். அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்பது எங்கே என்று ஒருத்தருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. பதில் தெரியாத கேள்வியை முட்டாள்தனம் என்று சொல்வதற்குத்தானே இவ்வளவு படித்தது! சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது.

"பொய் சொல்லுதா? அப்ப ஊரவிட்டே வெரட்டிருவமா?" என்றார் தவசிமுத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

"வெரட்ட வேண்டாம் மாமா. அதுவாப் போவட்டும்" என்றாள் சுடர்.

அன்று சாயங்காலமே தவசிமுத்து தீர்ப்புச் சொன்னார். வடக்கே அவருக்குத் தெரிந்த ஒரு விடுதிப் பள்ளி. நாலு மணிக்கு எழுப்பி, பெண் பிள்ளைகளுக்கும் கிராப் வெட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெற்றவர்களைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டும் இடம். "பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்தின நாள் எம் முன்னால இவ நூறு வரைக்கும் சரியா எண்ணணும். எண்ணலன்னா மறுநாள் காலையில வேன் வரும்." சிவசுப்பு தலையாட்டினான். அத்தான் முன்னால் தலையாட்டி ஆட்டியே அவன் கழுத்து பழகிப்போயிருந்தது. தெற்குத் தெருவில் ஒரு பிள்ளை அந்த விடுதியிலிருந்து திரும்பி வந்து, இப்போதும் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று கையை நீட்டுகிறது.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

முதல் இரண்டு நாள் ஊர் கொஞ்சம் தடுமாறியது. எண்பத்தொன்பது என்று சொன்ன வாய் அடுத்து எதையோ சொல்லத் திறந்து, காற்றை மென்று, நூறு என்று மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் எல்லோருக்கும் பழகிவிட்டது. சுடர் செய்தபோது பிறவிக் குறையாக இருந்தது ஊரே செய்தபோது வழக்கமாகிவிட்டது. ஒருத்தர்கூட "அந்தப் பிள்ளையும் இப்படித்தானே எண்ணிச்சு" என்று சொல்லவில்லை. பேச்சிக்கனி தெருக்குழாயடியில் அதைச் சொல்லிப் பார்த்தாள். "அதுவும் இதுவும் ஒண்ணாக்கா? நாம தெரிஞ்சு எண்ணுதோம், அது தெரியாம எண்ணிச்சு" என்று பதில் வந்தது.

ரிட்டையர்டு கிராம அதிகாரி நவநீதகிருஷ்ணனுக்கு நாலு நாளுக்கு முன்புவரை தொண்ணூற்று நாலு வயது. இப்போது அந்த வயதே இல்லாததால் அவருக்குச் சாஸ்திரப்படி நூறாகிவிட்டது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, நாற்காலியோடு தூக்கி ஊர்வலம் விட்டார்கள். நேற்றுவரை அவரைப் பார்க்க வராத பேரப்பிள்ளைகள் காலில் விழுந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தனக்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறது என்று அவர் சொல்ல வாயெடுத்தார், மைக்கை வாங்கிவிட்டார்கள்.

வைகாசியில் பரீட்சை முடிவு வந்தபோதுதான் ஊர் அந்த எண்களை மனதார மன்னித்தது. வித்யாமகுடத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளின் மதிப்பெண் தாளில் வெற்றிடம் இருந்தது; வெற்றிடத்தை என்ன செய்வது என்று தவசிமுத்துவுக்கா தெரியாது? எல்லோரும் நூற்றுக்கு நூறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடிவரை ஃப்ளெக்ஸ் போர்டு. எல்லாவற்றிலும் பிள்ளைகள் தபால்தலை அளவில், தவசிமுத்து ஆளுயரத்தில். அதே தாளை ஊர் எல்லை தாண்டிக் காட்டினால் தொண்ணூற்று மூன்று என்றுதான் தெரியும், அதனால் யாரும் ஊர் எல்லை தாண்டிக் காட்டவில்லை. காணாமல் போனதில் லாபம் இருந்தால் எவன் போலீஸுக்குப் போவான்?

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் சோறு குறையத்தான் செய்யும். நூறு இலை போட்டு விருந்து வைத்தால் பத்துப் பேர் இலையில்லாமல் நின்றார்கள். "பந்தின்னா பத்துப் பேரு நிக்கத்தான செய்வாக" என்று உட்கார்ந்தவர்கள் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்கள். மதுரை வியாபாரி, கவுளிக்குப் பத்து வெற்றிலை குறைகிறது என்று போனில் கத்தினார். "வெளியூர்க்காரனுக்கு நம்ம ஊரு நூறக் கண்டாப் பொறாமை" என்றார்கள் மண்டியில். ஒரே ஒருத்தி கட்டிய கவுளிகள் மட்டும் குறையவில்லை என்றும், அவற்றில் வாழைநார் இரட்டை முடிச்சாக இருக்கிறது என்றும் அந்த ஆள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இரட்டை முடிச்சு பேச்சிக்கனியுடையது. மற்றவர்கள் வாயால் எண்ணினார்கள். அவள் மகளுக்காகக் கையால் எண்ணப் பழகியிருந்தாள். ஒரு எடுப்புக்கு ஐந்து வெற்றிலை, இருபது எடுப்பு ஒரு கவுளி. வாய் தொலைத்ததைக் கை தொலைக்கவில்லை. எட்டு எடுப்பு எத்தனை என்று கேட்டால் சுடர் வெற்றிலையைப் பார்க்காமலே நாற்பது என்பாள்; ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் தரையில் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு என்று பரப்பி, தடவிப் பார்த்து, ஐம்பத்தாறு என்பாள். தாளில் எழுதச் சொன்னால் அறுபத்தைந்து என்று எழுதிவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள். "எது மொத, எது பொறவு? தொட்டுப் பாரு" என்பாள் பேச்சிக்கனி. தொட்டுப் பார்த்துத் திருத்துவாள்.

வைகாசி இரண்டாம் வாரத்தில் வித்யாமகுடம் ஆறாம் வகுப்புப் பட்டியல் ஒட்டியது. வகுப்புக்கு நூறு பேர். சுடரோடு சேர்த்து ஒரு காலத்தில் சரியாக நூறு பேராக இருந்த வகுப்பு அது. அவள் போனபிறகு ஒன்று குறைவு. இப்போது நூறு வரை பெயர் எழுதி முடித்தபின்னும் ஒன்பது பிள்ளைகள் மிச்சம் நின்றார்கள். யாரை மிச்சம் விடுவது என்பதைத் தவசிமுத்து குலுக்கிப் போட்டு எடுக்கவில்லை. எழுத்துக்கூட்டத் திணறுகிறது, திக்குகிறது, ஜன்னலைப் பார்க்கிறது, கணக்கில் எண்ணைத் திருப்பிப் போடுகிறது என்று ரிசல்ட்டைக் கெடுக்கும் ஒன்பதைப் பொறுக்கி எடுத்தார். "எடம் இல்ல. நூறு ஆயிட்டு. நீங்களே எண்ணிக்கோங்க" என்றார் பெற்றவர்களிடம். அவர்களும் எண்ணினார்கள், நூறுதான் இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

வந்தவர்கள் பேச்சிக்கனி வீட்டு வாசலில் நின்றார்கள். பால் காய்ச்சிய வீட்டில் வாய்விட்டுச் சிரித்த வாய்கள் நாலு அதில் இருந்தன.

"ஒங்க பிள்ளைய வீட்ல வச்சுத்தான பாக்கிய. இதும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டுமே" என்றாள் ஒருத்தி, எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஓரமால்லாம் எடம் இல்ல" என்றாள் பேச்சிக்கனி. "நடுவுல உக்காரட்டும். நீங்க போங்க."

அவளுக்கு அந்தப் பெற்றவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளைக் கண்டால் அப்படி வரவில்லை. ஒன்பதும் ஒன்பது விதமாகப் பயந்திருந்தன. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு எடுப்பு வெற்றிலையைக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் எல்லோருக்கும் கவுளி கட்டத் தெரிந்தது, ஏழெட்டு தெரிந்தது, பாதி கவுளியும் கால் கவுளியும் தெரிந்தன. பிறந்தநாள் தெரியாத முப்பிடாதிகூட மூணே முக்கால் கவுளிக்கு எத்தனை வெற்றிலை என்று கேட்டால் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் ஒருநாள் சுடர் ஒவ்வொரு வெற்றிலையாக வாயாலும் எண்ணிக்கொண்டே அடுக்கினாள். எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, நூறு என்று வாய் சொன்னது. கை நின்றது.

"அம்மா, இன்னும் ரெண்டு எடுப்பு பாக்கி இருக்கு. வாய் முந்திப் போயிருச்சு."

பேச்சிக்கனி எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு எடுப்புதான் ஆகியிருந்தது. "ஆமாட்டி" என்றாள், மெல்ல.

"நூறு இன்னும் வரல. நடுவுல பத்து எல இருக்கு. அதுக்குப் பேரு இல்ல."

"எங்களுக்கு நம்பர் இல்ல" என்றான் மாரிச்செல்வம். அவனுக்கு எதைக் கேட்டாலும் தன் கஷ்டம்தான் ஞாபகம் வரும்.

சுடர் அவனைப் பார்த்தாள். பத்து வெற்றிலையைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு வாய் நூறு என்று சொன்ன வெற்றிலையையே திரும்ப எடுத்து, "மாரிச்செல்வம்" என்று சொல்லி வைத்தாள். எல்லோரும் அந்த வீட்டு வாசல்படி ஏறிய வரிசையிலேயே பெயர்களை அடுக்கினார்கள். சுடர் வீட்டுக்காரி, விருந்தாளி எல்லோரும் உட்கார்ந்தபிறகு கடைசியில்தானே உட்கார வேண்டும், அதனால் அவள் கடைசி. பத்தாவது வெற்றிலை சுடர். அதற்கப்புறம் நூறு என்றபோது கவுளி நிறைந்து, பேச்சிக்கனி இரட்டை முடிச்சுப் போட்டாள். அவளுக்கு ஏனோ அழுகை வந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், வித்யாமகுடம் பெரிய ஹாலில், அதே சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மகளைத் தவசிமுத்து பாஸாக்கிவிடுவார் என்று சிவசுப்பு உள்ளூர நம்பியிருந்தான். ஊரே இப்போது அவளைப்போலத்தானே எண்ணுகிறது. "மக்களே, எப்பவும் சொல்லுதமாதிரியே சொல்லிரு. எண்பத்தொம்பது, நூறு. அவ்வளவுதான்" என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தான்.

சுடர் எண்ணினாள். எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று வந்து நின்றாள். சிவசுப்புவின் உதடு நூறு என்று அசைந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து விரல்களை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க மடக்கிக்கொண்டே சொன்னாள்.

"மாரிச்செல்வம், ஜெனிபா, முப்பிடாதி, நைனார், பவித்ரா, இசக்கிராஜா, ஆயிஷா, உச்சிமாகாளி, பேபிரோஸ், சுடர். நூறு."

சித்திரையில் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.

பேச்சிக்கனி எழுந்தாள். "அண்ணாச்சி, சித்திரையில இவ எண்பத்தொம்பதுக்கு அடுத்தது நூறுன்னா. தப்புன்னிய. இப்ப எண்பத்தொம்பதுக்கு அடுத்தது நூறு இல்லங்கா. இதுவும் தப்பா?"

"அப்ப அது தப்பு. இப்ப இது தப்பு" என்றார் தவசிமுத்து, நிதானமாக. "ஊரே ஒண்ணு சொல்லும்போது ஒத்துப் போகத் தெரியல பாரு. அதுக்குப் பேருதாம்மா குறைபாடு."

அந்த வாக்கியத்தை எம்.எட். இரண்டும் தலையாட்டி ரசித்தன. காலையில் எட்டு மணிக்கு வேன் என்று முடிவாயிற்று. பேச்சிக்கனி அந்த ராத்திரி பெட்டியில் துணி அடுக்கவில்லை, சிவசுப்பு அடுக்கினான்.

விடிந்து ஆறு மணிக்கு மண்டிக்கு லாரி திரும்பி வந்தது. மதுரை வியாபாரி ஏழு வாரம் போனில் கத்தியது போதும் என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பி, கூடவே தன் ஆளையும் அனுப்பியிருந்தார். அந்த ஆள் மண்டி நடுவில் கவுளிகளைக் கொட்டினான். "இப்பவே என் கண்ணு முன்னால எண்ணிக் கட்டுங்க. கட்ட முடியலைன்னா இனிமே உங்க ஊர் இலை எங்களுக்கு வேணாம்." ஊரே எண்ண உட்கார்ந்தது. எண்பத்தொன்பது, நூறு. எண்பத்தொன்பது, நூறு. அந்த ஆள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கடைசியில் ஒரு இரட்டை முடிச்சுக் கவுளியைத் தூக்கிக் காட்டினான். "இதுல மட்டும் சரியா இருக்கே. இதைக் கட்டினது யாரு?"

சிவசுப்பு வீட்டுக்கு ஓடினான். பேச்சிக்கனி வாசலில் நின்றாள். உள்ளே பத்துப் பிள்ளைகளும், மூலையில் பூட்டிய பெட்டியும்.

"ஒன் கவுளி மட்டுந்தான் நெறஞ்சிருக்கு. புள்ளைய அனுப்பு. நேத்து மாதிரி எண்ணிக் காட்டட்டும்."

"நேத்து தப்பா எண்ணின புள்ளைதான அது? ஒங்க அத்தான் மண்டிக்கு வந்து எண்ணட்டுமே."

"பேச்சி..."

"பெட்டிய நீங்கதான அடுக்குனிய" என்றாள். ஆனாலும் கதவைத் திறந்துவிட்டாள். வெற்றிலை வாடினால் பாவம் வெற்றிலைக்குத்தான் என்று நினைத்தாள்.

பத்துப் பிள்ளைகளும் மண்டிக்குள் வரிசையாகப் போனார்கள். சுடர் எண்ணிக் காட்டினாள், ஊர் பின்பாட்டுப் பாடியது. ஆடத் தெரியாதவளைப்போலக் கூடம் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பேரும், வேறு வழியில்லாமல், எண்பத்தொன்பதுக்கு அப்புறம் மாரிச்செல்வம் என்றார்கள், ஜெனிபா என்றார்கள், மூக்கு உறிஞ்சும் முப்பிடாதியை மரியாதையாகச் சொன்னார்கள். சிவசுப்பு ஒரு கவுளியை மடியில் வைத்து எண்ணிக்கொண்டு வந்தான். உச்சிமாகாளி, பேபிரோஸ். அடுத்த வெற்றிலை கையில் இருந்தது. அதன் பெயரைச் சொன்னால்தான் நூறு. சொல்ல வாய் திறந்தான், வரவில்லை. ராஜயோகத்துக்காக அவன் வைத்த பெயர் அல்ல அது. அவன் ஒருநாளும் அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டதில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. தவசிமுத்து வாசலில் வந்து நின்று, "மாப்ள, நேரமாவுது" என்றார்.

"சுடர்" என்றான் சிவசுப்பு. வெற்றிலையை வைத்தான். "நூறு." பிறகு தலையை ஆட்டினான், முதல்முறையாகப் பக்கவாட்டில். "வேன போகச் சொல்லுங்க அத்தான். இவ போயிட்டா எங்க நூறுல ஒண்ணு கொறையும்."

போன எண்கள் திரும்பி வரவில்லை. பக்கத்து ஊர்களில் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. வெள்ளிலைக்குறிச்சியில் இப்போது பந்தி நிறைகிறது, கவுளி நிறைகிறது, தேர் வீதியில் அந்தப் பத்துக் கதவுகளிலும் பத்துப் பெயர்கள் இருக்கின்றன. நவநீதகிருஷ்ணனை நூறிலிருந்து இறக்கி, பவித்ரா வயது என்று திருத்தினார்கள். ஆறு வருஷம் திரும்பக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம், பேரப்பிள்ளைகளைத்தான் காணோம். இந்தப் புது எண்ணிக்கையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஊர் தலையைச் சொறிந்துவிட்டு, தாளாளர் என்கிறது.

அடுத்த வைகாசியில் ரிசல்ட் வந்தபோது பேச்சிக்கனியும் சுடரும் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். மேலே பெரிய ஃப்ளெக்ஸ். சுடர் நின்றாள். அண்ணாந்து, காற்றில் விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தடவிப் பார்த்து, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஒருத்தர் உதவியும் இல்லாமல் படித்தாள்.

"நம்... பள்ளி... மாணவி... கணக்கில்... நூற்றுக்கு... சு... ட... ர்." அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா! எம் பேரும்மா!" பிறகு முகம் சுருங்கியது. "ஆனா ஏன் மாமா படத்தப் போட்டிருக்கு?"

"அப்படித்தாம்ட்டி போடுவாக" என்றாள் பேச்சிக்கனி. "நீ இன்னொரு தடவ வாசி."